மூன்றில் இரண்டு

ஸ்டீபனுக்கு டெங்கு.
பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான்.
அதனால் இன்று திருப்பரங்குன்றத்து மண்டபத்தில்
அவன் கீபோர்டு, அவன் ஸ்டாண்டு,
அவன் முதுகுக்கு வளைந்துபோன பிளாஸ்டிக் நாற்காலி,
நான்.

கார்டுகளை எழுதி வைத்திருக்கிறான்,
சாம்பார் கறையோடு ஒரு நாற்பது பக்க நோட்டில்:
சி, எஃப், ஜி, மறுபடி சி.
காளவாசலில் ஏறிப் பெரியாரில் இறங்கி
அதே பஸ்ஸில் திரும்பி வருகிற ஆள்.
எனக்குச் சிம்மக்கல்லிலும் ஒரு வேலை இருக்கிறது.

பெரிய வித்தை ஒன்றுமில்லை.
சி மேஜரில் மூன்று விரல்: ச, க, ப.
ச-வும் க-வும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.
சுண்டுவிரல் மட்டும் ப-வை விட்டு
ஒரு வெள்ளைக் கட்டை தள்ளி த-வில் உட்கார்ந்தால்
ஏ மைனர்.
பாடுகிற யோகவல்லிக்குத் தடுமாற்றமே இராது.
அவள் பிடித்திருப்பது க.
அந்த க
பெண்வீட்டுக்கும் சொந்தம், மாப்பிள்ளைவீட்டுக்கும் சொந்தம்.

பெண்ணுக்கு அப்பா இல்லை. போன ஆடியில் போனாராம்.
மேடையில் சித்தப்பா நிற்கிறார்,
பட்டுச்சட்டை தோளில் கொஞ்சம் தொளதொள.
ஒரு துண்டுச்சீட்டு கை மாறி கை மாறி வந்தது:
அப்பா வண்டி கழுவும்போது பாடுவாங்களே, அந்தப் பாட்டு, ப்ளீஸ்.
எந்தப் பாட்டு என்று அடியில் இன்னொரு கையெழுத்து,
வேறு மையில்.

முதல் சரணத்தின் முடிவில் ஏ மைனர் வைத்தேன்.
தாஜுதீன் கீழே சி-யை விடவில்லை.
பாஸ் கிட்டார் அங்கே நின்றால்
என் மைனர் மைனரே இல்லை, சி சிக்ஸ்.
ஐஸ்கிரீம் கவுண்டருக்கு ஏற்ற கார்டு.
கிண்ணத்தை நக்கிக்கொண்டே ஒரு பையன் தலையாட்டினான்.

இரண்டாம் சரணம். அதே இடம்.
ஓரக்கண்ணால் பார்த்தான்.
இறங்கினான்.

தரை ஒரு சாண் கீழே போனது.
மொய் எழுதுகிறவர்
ஐந்நூற்றொன்றில் அந்த ஒன்றைப் போடாமல் பேனாவைத் தூக்கினார்.
சித்தப்பா இல்லாத மீசையைத் தடவினார்.
கேமரா பார்க்கச் சொன்ன பக்கத்தை விட்டுப்
பெண் எங்கள் பக்கம் திரும்பினாள்.

மைக் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து
ட்ரூப் ஓனர் பாண்டுரங்கன்
‘கல்யாண வீடும்மா’ என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

தெரியும் சார்.
ஏ மைனருக்கும் அடுத்த வீடு உண்டு.
த, ச அப்படியே. க மட்டும் ம-வுக்கு.
நடுவில் ஒரு கறுப்புக் கட்டைகூடக் கிடையாது,
அரைப்படிதான். எஃப் மேஜர்.
உள்ளே போக முழுப்படி, வெளியே வர அரைப்படி!
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொய்.
சி-யில் ச-வை நி-க்கு இறக்கியிருந்தால் இ மைனர்,
அதற்கும் அரைப்படியே போதும்.
வேண்டுமென்றேதான் தூரமான வாசலில் போனேன்.

எஃப் வைத்தேன்.
யோகவல்லி இன்னும் க-வை விடவில்லை,
என் ம-வோடு அது உரசியது.
உரசட்டும் என்று இரண்டு தாளம் பிடித்திருந்தேன்.
பெண் கேமரா பக்கம் திரும்பிவிட்டாள்.
மொய்க்காரர் ஒன்றைப் போட்டார்.

பதினொன்றரை மணி.
டெம்போவில் ஸ்பீக்கர்களுக்கு நடுவே
தாஜுதீன் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தான்.
“ரெண்டாவது தடவ என்னத்தப் போட்ட?”
“அதேதான். நீதான் கீழ வந்த.”
“ம்.”
சால்னாவைத் தள்ளி வைத்தான், என் பக்கமாக.

பழங்காநத்தம் தாண்டும்போது
பாண்டுரங்கன் முன்சீட்டிலிருந்து கையை நீட்டினார்.
ஸ்டீபனுக்கு ஆயிரத்து ஐந்நூறு பேச்சு.
எனக்கு ஆயிரம்.

தெருவிளக்கு வர வர எண்ணினேன்.
மூன்றில் இரண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது.
மூன்றாவது எங்கே நகர்ந்தது என்று கேட்பதற்குள்
அவர் இடுப்புப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்,
மேலேறுகிற ஒரு சத்தம், ஏறக்குறைய த.